தரகர்

கடற்பறவைகள் முட்டையிடும் புதர்களையெல்லாம் மேய்ந்து மொட்டையாக்கிய காட்டு வெள்ளாடுகளை ஒழிக்க, பறவை ஆய்வாளர் டாக்டர் தேன்மொழி ஒரு கிடாவின் கழுத்தில் சிக்னல் பட்டை கட்டித் தீவில் விட்டாள். ஆடு தனியாக இருக்காது. எங்கே துணை கிடைத்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். “தரகருக்குச் சேதாரம் ஆகக்கூடாதுண்ணே, பக்கத்துல நிக்கிறதைச் சுடுங்க” என்பாள். வேட்டைக்காரர் சேசையா சுடுவார். தரகர் அடுத்த துணையைத் தேடி நடப்பார். இப்படியே, கமிஷன் கேட்காமல், முந்நூறு உருப்படியைக் காட்டிக்கொடுத்தார்.

நேற்றோடு தீவு சுத்தம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். இனி தரகரையும் முடித்துவிட்டால், இந்தப் பருவத்திலேயே பறவைகள் இறங்கும். காலையில் சேசையா துப்பாக்கியோடு போனார். கூடாரத்தில் தேன்மொழியின் கருவி ஒரே சுருதியில் கூவியது. வாக்கிடாக்கியை எடுத்தாள்.

“அண்ணே, தரகர் ஒரு மணி நேரமா ஒரே இடத்துல நிக்கிறாரு. யாரோ புதுசா மாட்டியிருக்காங்க. தெரியுதா?”

“தெரியுது, டாக்டரம்மா.”

“அப்புறம் என்ன யோசனை? எப்பவும் போல பக்கத்துல நிக்கிறதை முதல்ல சுடுங்க.”

சேசையாவின் முழங்காலில் கிடா கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“பக்கத்துல நான்தானேம்மா நிக்கேன்.”