நாத்தனார் சொன்ன யோசனை

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக இறங்கும் வெயில் நாய்க் கண்காட்சியின் பச்சைக் கம்பளத்தில் வட்ட வட்டமாகக் கிடக்க, தையல்காரியின் நாய்க்குட்டி ஒவ்வொரு வட்டத்தையும் பிடிக்கப் பாய்கிறது. நடுவர் இரண்டு நாய்கள் தள்ளி நிற்கிறார். அவர் வந்து குட்டியின் பல்லைப் பார்த்து முடிக்கும்வரை அது அசையாமல் நிற்க வேண்டும். இல்லையென்றால் போட்டியிலிருந்து வெளியே. அவள் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறாள். குட்டி இன்னும் துள்ளுகிறது. “அண்ணி, கயித்தத் தளர விடுங்க. இழுத்தா விளையாட்டுன்னு நெனச்சுக்கும்,” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் நாத்தனார். அவளிடம் இருப்பது இதன் கூடப்பிறந்த குட்டி. பொம்மை போல நிற்கிறது. “விட்டா ஓடிடும். கப்பை நீ தூக்கிட்டுப் போகலாம்னு பாக்கறியா?” “நல்லது சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!” நாத்தனார் சிரிக்கிறாள். எதற்கு இந்தச் சிரிப்பு? கல்யாணமான ஆறு வருடத்தில் அவள் தனக்கு லாபமில்லாமல் ஒரு யோசனைகூடத் தந்ததில்லை. நடுவரின் நிழல் கம்பளத்தில் நீள்கிறது. ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள் மரத்துப்போய், தையல்காரியின் பிடி தானாகத் தளர்கிறது. குட்டி அவளை நிமிர்ந்து பார்க்கிறது; நான்கு காலையும் ஊன்றி அப்படியே நிற்கிறது. நடுவர் அதன் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்துத் தலையசைக்கிறார். தையல்காரி அவரைப் பார்க்கவில்லை. நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவள் எதற்காக உண்மையைச் சொன்னாள்?