அறுபத்தொன்றாவது டோக்கன்

போன ஆடியில் கல்வராயன் மலை அருவியில் மூழ்கியவரின் உடல் கிடைக்கவே இல்லை. அதன்பிறகு ஊராட்சி தீர்மானம் போட்டது: குளிக்க இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர டோக்கன், எல்லாம் திரும்பி வந்தால்தான் கேட்டைப் பூட்டவேண்டும். செய்தது மொத்தம் அறுபது.

மாலை ஐந்து மணிக்கு டிக்கெட் கொடுக்கும் ரெஜினா மூன்று முறை எண்ணினாள். அறுபத்தொன்று. ஒன்றில் மட்டும் பாசி படிந்திருந்தது.

காவலாளி பழனி கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தண்ணில ஒருத்தரும் இல்லீங்க மேடம். கம்மியா இருந்தாத்தான பயம்? ஜாஸ்திதான இருக்குது" என்று சொல்லிக் கேட்டைப் பூட்டினார். சாவியை நீட்டும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப... ஜாஸ்தியா ஒருத்தரு மேல வந்துட்டாருங்களா?"

பூட்டிய கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, இருவரும் வீட்டுக்குப் போகவேண்டிய பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.