திறந்த மனசு ஷவர்

ஒரு புது வீட்டுக் குளியலறையில் ஒரு ஷவர் இருந்தது. அதற்குக் கதவு கிடையாது, தடுப்பு கிடையாது, திரையும் கிடையாது. அதில் அதற்கு ஏகப்பட்ட பெருமை.

வாசலோரம் கிடந்த துணி மிதியடிக்கோ ஒரே கவலைதான். ஈரத்திலேயே ஊறி நாறினால் குப்பைக்குப் போக வேண்டியதுதான். காயலாம் என்று பார்த்தால், அதற்குள் அடுத்த ஆள் குளிக்க வந்துவிடுகிறார்.

"அண்ணே, ஒரு திரை போடச் சொல்லுங்களேன். இங்கே வரைக்கும் தெறிக்குது."

"திரையா? இந்தக் காலத்திலா? நான் திறந்த மனசுக்காரன்மா. உன்னை மாதிரி மூலையில முடங்க என்னால ஆகாது."

"தாராளமா திறந்து வைங்க, வேண்டாங்கலை. ஈரத்தை யாரு சுமக்கிறது?"

"இதுக்குப் பேர்தான் குறுகின புத்தி!" என்றது ஷவர். பிறகு சுவர், கண்ணாடி, மடித்து வைத்த துண்டு என்று பாரபட்சமே இல்லாமல் தன் மனசைத் திறந்து காட்டியது.

மூன்றாம் வாரம் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மிதியடியை இரண்டே விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். ஷவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் புது மிதியடி வந்தது.

"வாம்மா" என்று சொட்டிக்கொண்டே வரவேற்றது ஷவர். "முன்னாடி இருந்தவளுக்குச் சுத்தம் போதாது. நீயாவது பார்த்து நடந்துக்கோ."