முந்தானையில் ஒரு மீன்கொத்தி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன் வேதநாயகமாகிய நான், என் மனைவி பியூலா, என் தம்பி ஹெப்ரான், அவன் மனைவி ஸ்வீட்லின். வேறு யாரும் இல்லை. தம்பி ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்த மீன்கொத்தியை ஒரு துணிக்கம்பெனி சேலையில் அச்சடித்திருக்கிறது. ஸ்வீட்லின் அதைக் கட்டிக்கொண்டு, சுவரில் நான் வரைந்து மாட்டிய தாமிரபரணியை மறைத்தபடி நிற்கிறாள். சன்னல் வெயில் முந்தானையில் விழுகிறது. மின்விசிறிக் காற்றில் நீலச் சிறகு அசைகிறது. பியூலா அதை விரல் நுனியில் பைய ஏந்துகிறாள். என் படத்தை அவள் தூசி தட்டத்தான் தொட்டிருக்கிறாள். “தண்ணிக்குள்ள இருந்து இப்பதான் எந்திரிச்சு வந்த மாதிரில்லா இருக்கு!” என்கிறாள். “அண்ணன் சொல்லட்டும் மதினி. குறை இருந்தா அவங்க கண்ணுக்குத் தப்பாது,” என்கிறான் தம்பி. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அலகைப் பார்க்கிறேன், கழுத்தைப் பார்க்கிறேன், நகத்தைக்கூடப் பார்க்கிறேன். மூவரும் என் வாயையே பார்க்கிறார்கள். காப்பியில் ஆடை படிகிறது. “வெயில் ஏறிட்டு. சன்னலச் சாத்து, பியூலா,” என்கிறேன்.

பெரிய பிழை ஒன்றைக் கண்டும், தம்பியின் மானம் காக்க நான் வாயை மூடிக்கொண்டதாக உறவுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மை இல்லை. பிழை எதுவும் இல்லை.