டானிலோவின் கோர்வை

ஆட்டப் போட்டியின் இறுதிச் சுற்றுக் கோர்வையை எழுதியவன் பெயர் திரையில் வந்ததும், கூடத்தில் பாதிப் பேர் திரும்பி யஸ்னாவைப் பார்த்தார்கள். டானிலோ ஓயார்சூன். ஆறு வருஷம் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவன். மார்ச்சில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன்.

யஸ்னா ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். பெயரைப் படித்தாள். கோபமாவது பயமாவது வரும் என்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. நாலைந்து மாசமாகவே அப்படித்தான், எதுவும் உள்ளே இறங்குவதில்லை.

கொன்செப்சியோன் ஊரில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். காலடியில் நாலு கட்டம். பாட்டின் தாளத்துக்குத் திரையில் ஏறி வரும் அம்பு எந்தத் திசையோ, அந்தக் கட்டத்தை மிதிக்க வேண்டும். போட்டிக்கான அம்புகளை அவர்களுக்குள்ளேயே யாராவது கோர்த்துக் கொடுப்பார்கள். இறுதிக் கோர்வையை மட்டும் மேடையில் நிற்கும்வரை ஆடுபவர் கண்ணில் காட்டுவதில்லை.

போட்டியை நடத்தும் மோன்சோ மைக்கை மூடிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தான். "உன் மேல இருக்கிற கடுப்பையெல்லாம் இதுல எறக்கியிருப்பான். பாத்து ஆடுடி."

"தெரியும்" என்றாள்.

தெரியாமல் என்ன. அவளுடைய இடது முட்டியில் தசைநார் அறுந்து தைத்திருந்தது. மறுபடி போனால் என்னிடம் வராதே என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தல்காவானோ மேடுகளில் ஏறி இறங்கித் தபால் கொடுக்கிறவளுக்கு முட்டி போனால் வேலையும் போனது மாதிரிதான். இதெல்லாம் அங்கே தெரிந்த ஒரே ஆள் டானிலோ. போன குளிர்காலம் முழுக்க அந்த முட்டிக்கு ஐஸ் வைத்துக் கட்டியவனே அவன்தான்.

விலகிக்கொள்ளலாம். ஆனால் ஜெயித்தவர் லிமாவில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போவார். அதற்காக அவள் ஒன்பது வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறாள்.

எதிர்த்து ஆட வந்த ராயேனுக்குப் பத்தொன்பது வயசு. தெமூக்கோவிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், கையில் பாதி கடித்த சோபைபிய்யா என்ற பொரித்த ரொட்டி. "நாலு மணி நேரம் உக்காந்து வந்ததுல காலெல்லாம் மரத்துப்போச்சுக்கா" என்றாள்.

"எனக்கும்தான்" என்றாள் யஸ்னா. ராயேன் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள்.

ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானை அழுத்துமுன் யஸ்னா ஒரு கணம் நின்றாள். வேண்டுமென்கிறவர்கள் தங்கள் பக்கத்துக்கு மட்டும் இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம். இடது அம்பெல்லாம் வலதாக வரும், வலது இடதாக வரும். அவள் ஒருநாளும் மாற்றியதில்லை. இன்றைக்கு மாற்றினாள். என் இடது காலுக்குக் குறி வைத்திருக்கிறாயா, வைத்துக்கொள் என்று நினைத்தாள்.

முதல் நிமிஷம் இருவரும் சமமாகவே போனார்கள். கூட்டம் கைதட்டி எண்ணிக்கொண்டிருந்தது. அப்புறம் பாட்டு சட்டென்று அடங்கி, இரண்டு மடங்கு வேகத்தில் எழுந்தது.

நீளமான ஒரு அம்பு வலது பக்கம் வந்து நின்றுவிட்டது. வலது கால் அதை அமுக்கிக்கொண்டே சும்மா இருக்க வேண்டும். மீதி மூன்று கட்டத்தையும் இடது கால் ஒன்றே ஓடியோடி அடிக்க வேண்டும். ஒரு வரி, இரண்டு வரி என்று முடிகிற மாதிரி இல்லை.

மாற்றுவேன் என்பதைக்கூட யோசித்துத்தான் எழுதியிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதும் ஆத்திரம் வரவில்லை. ஆறு வருஷத்தில் அவ்வளவுகூடத் தெரிந்துகொள்ளாமல் இருப்பானா என்றுதான் நினைத்தாள். பின்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

பக்கத்தில் ராயேன் இடது காலை ஊன்றிக்கொண்டு வலது காலை இங்குமங்கும் எறிந்துகொண்டிருந்தாள், முகமெல்லாம் வேர்வை. யஸ்னா பார்த்தாள், பார்த்ததை யோசிக்க நேரமில்லை. முட்டிக்குள் ஏதோ விட்டுப்போன மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலியை எங்கோ பக்கத்து அறையில் யாருக்கோ நடப்பது போல் உணர்ந்தாள். நிறுத்தாமல் கடைசி அம்புவரை மிதித்தாள்.

ராயேன் ஜெயித்தாள். இறங்கி வந்து கட்டிக்கொள்ளப் போனவள், யஸ்னா கம்பியை விடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு மோன்சோவைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகத் தாங்கி அவளை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முட்டி அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டானிலோ வந்தான். கீழே கடையில் வாங்கிய ஐஸ் பை கையில் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"போதுமா?" என்று கேட்டாள் யஸ்னா. சாதாரணமாகத்தான் கேட்டாள், மணி என்ன என்று கேட்பது போல.

அவன் திரையில் இன்னும் அழியாமல் இருந்த அவள் பெயரையும், அதன் கீழே இடம் வலம் மாற்றியதைக் காட்டும் சின்னக் குறியையும் பார்த்தான். "நீ மாத்த மாட்டியே" என்றான்.

"இன்னைக்கு மாத்தினேன். நீ எழுதினதுன்னு தெரிஞ்சதும்."

டானிலோ அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். ஐஸ் பையை முட்டியில் வைத்து, தலை நிமிராமலே சொன்னான்.

"உன் இடது காலுக்கு நான் வேலையே வைக்கல, யஸ்னா."