வேகவைத்த ரொட்டி

"ரொட்டியைப் போய் யாராவது தண்ணியில வேகவைப்பாங்களா? கேக்கிறவன் சிரிப்பான்லா!"

அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரி பிடித்து, இடியப்பமும் சொதியுமாக டத்தோ கிராமாட் வந்து சேர்ந்த யோகலட்சுமிக்கு, தம்பி மனைவியின் அடுப்பைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"பேகல்னா அப்படித்தான்க்கா. வேகவைச்சு, அப்புறம் ஓவன்ல வைக்கணும். ஐரோப்பாவில காலங்காலமா செய்யற வளைய ரொட்டி," என்றாள் ஷர்மினி.

"அவங்க செய்யட்டும். நமக்கென்ன தலையெழுத்து?"

சொல்லிவிட்டாளே தவிர, கண் பானையை விட்டு நகரவில்லை. கல்லு மாதிரி அடியில் போய் உட்கார்ந்த வளையங்கள், மெல்ல உப்பி, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல மேலே வந்தன. 'அடேயப்பா' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"தம்பி சாப்பிட்டானா?"

"சாப்பிடறார்க்கா."

"தனியாவா? யார் ஊட்டறது?"

ஷர்மினி கரண்டியால் வளையங்களைத் திருப்பிப் போட்டாள்.

யசோதரனின் வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற விரல்களைத் தொழிற்சாலை மெஷின் கொண்டுபோனதிலிருந்து வீட்டில் இதே கவலைதான். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்பான். ஊட்டினால், சுவரைப் பார்த்துக்கொண்டே ரெண்டு வாய் விழுங்குவான். ஆள் பாதியாகிவிட்டான். அதற்காகத்தான் அக்கா போட்டது போட்டபடி ஓடி வருகிறாள்.

"புருஷனுக்கு ஒரு வாய் ஊட்ட உனக்கு நேரமில்ல. கல்லு ரொட்டியைக் குடுத்துட்டு, கதவைச் சாத்திட்டு வந்துட்டே. நல்லா இருக்குலா உன் குடித்தனம்!"

"அக்கா, உள்ளே போகாதீங்க. கொஞ்சம் பொறுங்க..."

பொறுமைக்கும் யோகலட்சுமிக்கும் ரொம்ப தூரம். கதவைத் தள்ளினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மிச்சமிருந்த கட்டைவிரலில் வளையத்தை மாட்டிக்கொண்டு, யசோதரன் பருப்புக்கறியில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தான். வலது கையால். தானாக. கறி முழங்கை வரை வழிய, கண்ணை மூடி ரசித்துக்கொண்டு.

கோயிலில் திரை விலகியதும் குவிகிற மாதிரி அவள் கைகள் தாமாகக் குவிந்தன.

"ஏன் ஷர்மினி என்கிட்ட சொல்லல?" என்று கிசுகிசுத்தாள்.

"சொல்லாதேன்னுட்டார்க்கா. 'இனி நமக்கு இங்க என்ன வேலை'ன்னு நீங்க நொந்து போயிடுவீங்களாம்."

கிசுகிசுப்பு உள்ளே கேட்டிருக்க வேண்டும். யசோதரன் ரொட்டியை அவசரமாகத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு, தோளில் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"வந்துட்டியாக்கா? காலையிலேருந்து பட்டினி. ஊட்டு, ஊட்டு."

யோகலட்சுமி இடியப்பத்தை ஷர்மினி கையில் கொடுத்துவிட்டு, தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கை வலிக்குதுடா. தலையணைக்கடியில இருக்கிறதை எடு. இன்னிக்கு நீ எனக்கு ஊட்டு."