ஜன்னலோரத்து நுண்ணோக்கி

பள்ளிக்கு என்னென்ன தேவை என்று கணக்கெடுக்க வந்த பெண் அதிகாரி, கண்ணாடி அலமாரியிலிருந்த நுண்ணோக்கியை எடுத்து ஜன்னலோரம் வைக்கிறாள். தலைமையாசிரியரின் அப்பா வாங்கித் தந்தது அது. உடைந்துவிடுமென்று அவர் இதுவரை எந்தப் பிள்ளையையும் தொடவிட்டதில்லை. "ஒண்ணே போதும்மா. எங்க குடும்பம் யார்கிட்டயும் கையேந்தினதில்ல," என்கிறார் அவர், நாற்காலியில் முதுகை நிமிர்த்தியபடி. "போதுமான்னு பாத்துடலாம் சார்." நுண்ணோக்கியின் அடியில் அவள் வைத்த வெங்காயத் தோலின்மேல் வெயில் விழுகிறது. முதலில் குனிந்த சிறுமி மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள். "ஏய், உள்ள வீடு வீடா இருக்குடி!" "அங்கயே குடித்தனம் பண்ணிடாத, நகரு!" பின்னால் நாற்பது பேர் நுனிக்காலில் நிற்கிறார்கள். பாடவேளை முடிந்து மணி அடிக்கிறது. ஏழாவது பிள்ளைதான் இப்போது குனிந்திருக்கிறது. வரிசையில் ஒருவரும் அசையவில்லை. அந்த முகங்களைப் பார்த்துத் தலைமையாசிரியர் தன்னையறியாமல் எழுந்து நிற்கிறார், பெரியவர் யாரோ உள்ளே வந்துவிட்டதைப் போல. "எழுதிக்கோங்கம்மா. ஆளுக்கு ஒண்ணு வேணும். நான்தான் கேக்கறேன்."